கை வலி, கழுத்து வலி, மார்பில் வலி... பால் கொடுக்கும் அம்மாக்கள் எதைப் பொறுத்துக்கலாம், எதைப் பொறுக்கவே கூடாது?

குழந்தைக்கு 45 நாள் தடுப்பூசி. பெருங்களத்தூரிலோ சேலையூரிலோ இருந்து ஷேர் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறார் ஒரு அம்மா. ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் பை. வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம், "பாப்பா எப்படி இருக்கு? பால் நல்லா குடிக்குதா?" என்று கேட்கிறார்கள். ஆனால் அந்த அம்மாவுக்குக் கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு விண்விண் என்று வலிப்பதை யாரும் கேட்பதில்லை. அவரே சொன்னாலும் வருகிற பதில் ஒன்றுதான்: "பிள்ளை பெத்தா அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோம்மா."

உண்மையில் எல்லா வலியையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பால் கொடுக்கும் காலத்தில் வரும் பல வலிகளுக்குக் காரணம், குழந்தையை நாம் பிடிக்கும் விதமும் உட்காரும் விதமும்தான். அதை மாற்றினால் வலி குறையும். சில வலிகள் தானாகவே போய்விடும். சிலவற்றுக்கு உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். எது எந்த வகை என்பதை விளக்குகிறது இந்தத் தொகுப்பு.

இது ஏன் முக்கியம்?

2019-21ல் எடுக்கப்பட்ட 5வது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. இந்த விஷயத்தில் நாட்டுக்கே நாம் முன்னோடி. ஆனால் 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் 55.1 சதவீதம்தான். அகில இந்திய சராசரி 63.7 சதவீதம். அதாவது, பிரசவத்தில் முன்னால் இருக்கும் நாம் தாய்ப்பாலில் பின்னால் இருக்கிறோம்.

இதற்குக் காரணங்கள் பல. அதில் வலியும் ஒன்று. "குடுக்கும்போதெல்லாம் உயிர் போகுது, பவுடர் பாலே இருக்கட்டும்" என்று பாதியில் நிறுத்திவிடும் அம்மாக்கள் உண்டு. அதே ஆய்வில், தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன் என்றும் தெரிகிறது. வயிற்றில் தையலோடு குழந்தையைத் தூக்கி மடியில் வைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

1. காம்பில் வலி, வெடிப்பு

முதல் சில நாட்கள், குழந்தை வாய் வைத்தவுடன் சில நொடிகள் சுரீர் என்று இருப்பது சகஜம். ஆனால் குடித்து முடிக்கும் வரை வலி தொடர்ந்தாலோ, காம்பு வெடித்து ரத்தம் கசிந்தாலோ அது சகஜம் இல்லை. பெரும்பாலும் குழந்தை சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

குழந்தை காம்பை மட்டும் கவ்வக்கூடாது. வாயை நன்றாகத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருமையான பகுதியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க நான்கு அடையாளங்கள்: வாய் அகலமாகத் திறந்திருக்கும், கீழ் உதடு வெளியே மடிந்திருக்கும், தாடை மார்பில் தொட்டுக்கொண்டிருக்கும், கருமையான பகுதி வாய்க்குக் கீழே இருப்பதைவிட மேலே அதிகமாகத் தெரியும்.

வலித்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். உங்கள் சுண்டுவிரலைச் சுத்தம் செய்து குழந்தையின் வாயோரமாக நுழைத்தால் பிடி விடும். பிறகு மறுபடி சரியாக வைக்கலாம். கொடுத்து முடித்ததும் இரண்டு சொட்டுத் தாய்ப்பாலையே காம்பில் தடவிக் காற்றில் உலர விடுங்கள். ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கழுவினால் தோல் இன்னும் வறண்டுபோகும். பிடியைச் சரிசெய்தும் வலி தீரவில்லை என்றால், குழந்தையின் நாக்கு அடியில் ஒட்டியிருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டுவது நல்லது.

2. கழுத்து, தோள், முதுகு வலி

பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஒவ்வொரு முறையும் 20 நிமிடம் என்று வைத்தால்கூட, மூன்று நான்கு மணி நேரம் குனிந்தே இருக்கிறோம். வலிக்காமல் என்ன செய்யும்?

நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: குழந்தையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும், மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகக் கூடாது.

தரையில் உட்கார்ந்து கொடுப்பவர்கள் சுவரில் முதுகைச் சாய்த்து, இடுப்புக்குப் பின்னால் ஒரு சின்னத் தலையணை வைத்துக்கொள்ளுங்கள். மடியில் இரண்டு தலையணை அடுக்கினால் குழந்தை தானாக மார்பு உயரத்துக்கு வந்துவிடும். நாற்காலி என்றால் பாதம் தொங்கக்கூடாது. காலுக்குக் கீழே மணைப்பலகையோ சின்ன ஸ்டூலோ போடலாம். இதற்கென்று விலை கொடுத்துத் தனித் தலையணை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. வீட்டில் இருக்கும் பழைய போர்வையைச் சுருட்டி வைத்தாலே போதும்.

பால் கொடுக்கும்போது போன் பார்க்கிறீர்களா? அதைக் கண் உயரத்துக்குத் தூக்கிப் பிடியுங்கள். ஏற்கெனவே குனிந்திருக்கும் கழுத்துக்கு அது கூடுதல் சுமை.

சிசேரியன் ஆனவர்களுக்கு இரண்டு முறைகள் வசதி. ஒன்று, குழந்தையின் உடலைக் கக்கத்துக்குக் கீழே பக்கவாட்டில் வைத்து, தலையைக் கையால் தாங்கிக்கொண்டு கொடுப்பது. இதில் தையல் மேல் எடை விழாது. இன்னொன்று, ஒருக்களித்துப் படுத்துக் கொடுப்பது. படுத்துக் கொடுக்கும்போது குழந்தையின் முகத்துக்கு அருகில் தலையணை, போர்வை எதுவும் இருக்கக்கூடாது. தூக்கம் சொக்கினால் சோபாவில் உட்கார்ந்து கொடுக்காதீர்கள். அசந்து தூங்கிவிட்டால் இடுக்கில் குழந்தை சிக்கி மூச்சு முட்டும் ஆபத்து உண்டு.

3. மணிக்கட்டு வலி: பெயரே 'அம்மா கட்டைவிரல்'

ஆரம்பத்தில் சொன்ன அந்த வலி இதுதான். மருத்துவத்தில் இதற்கு 'டி குவெர்வெய்ன்' பாதிப்பு என்று பெயர். கட்டைவிரலை அசைக்கும் தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரு குறுகிய உறை வழியாகப் போகின்றன. அந்த இடம் உரசி வீங்குவதால் வலி வருகிறது. புதிதாகக் குழந்தை பெற்றவர்களிடம் அதிகம் பார்க்கப்படுவதால் வெளிநாடுகளில் இதை 'அம்மா கட்டைவிரல்' என்றே சொல்கிறார்கள்.

காரணம், நாம் தூக்கும் விதம். கட்டைவிரலை அகலமாக விரித்து, குழந்தையின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்குகிறோம். ஒரு நாளில் எத்தனை முறை! அதோடு துணி நாப்கினைத் துவைத்து முறுக்கிப் பிழிவதும் அதே இடத்தைத்தான் பதம் பார்க்கும்.

என்ன செய்யலாம்? கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைத்து, உள்ளங்கை மேலே பார்க்கும்படி, முறத்தில் அள்ளுவதுபோல ஒரு கையைத் தலை, கழுத்துக்கு அடியிலும் இன்னொரு கையைப் பின்புறத்துக்கு அடியிலும் கொடுத்துத் தூக்குங்கள். எடை மணிக்கட்டில் இல்லாமல் முழங்கையில் விழட்டும். துணி பிழியும் வேலையை வீட்டில் வேறு யாராவது செய்யட்டும். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்து நிமிடம் வைத்தால் வீக்கம் குறையும். ஒன்றிரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். கட்டைவிரலைத் தாங்கும் பட்டை கொடுப்பார்கள். ராத்திரியில் விரல்கள் மரத்துப்போனால் அது நரம்பு அழுத்தமாக இருக்கலாம். அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

4. பால் கட்டிக்கொண்டால்?

பிரசவமாகி இரண்டாம் நாளில் இருந்து ஐந்தாம் நாளுக்குள் பால் நன்றாக இறங்கும்போது மார்பு கல் மாதிரி கனக்கும். அடிக்கடி கொடுப்பதுதான் முதல் மருந்து. மார்பு ரொம்ப இறுகி, குழந்தையால் பிடிக்க முடியவில்லை என்றால், கையால் கொஞ்சம் பாலை எடுத்துவிட்டுக் கொடுங்கள். கொடுத்த பிறகு குளிர்ந்த ஈரத்துணி வைத்தால் இதமாக இருக்கும்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். "கட்டி கரையணும்" என்று அழுத்தித் தேய்ப்பது, நீண்ட நேரம் சூடு ஒத்தடம் கொடுப்பது இரண்டும் வீக்கத்தை அதிகமாக்கும் என்பதால், இப்போது டாக்டர்கள் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். பம்ப் வைத்து மொத்தமாகக் காலி செய்தாலும், உடம்பு "இன்னும் வேணும் போல" என்று நினைத்து அதிகமாகச் சுரக்கும்.

அடுத்தது மல்லிகைப்பூ. பால் வற்ற மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவது நம் ஊர்ப் பழக்கம். அதில் விஷயம் இருக்கிறது என்று 1988ல் வெளியான மருத்துவ ஆய்வும் சொன்னது. அதனால்தான், தொடர்ந்து பால் கொடுக்க நினைப்பவர்கள் வலிக்கிறது என்று பூவை வைத்துக் கட்டிவிடக் கூடாது.

மார்பில் ஒரு பகுதி மட்டும் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் குளிரும் வந்தால் அது மார்பக அழற்சியாக இருக்கலாம். டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆனால் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். அந்தப் பாலால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை.

5. பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுக்கிறதே?

குழந்தை சப்பும்போது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கும். பாலை வெளியே தள்ளுவதும் அதுதான், கர்ப்பப்பையைச் சுருங்க வைப்பதும் அதுதான். அதனால் மாதவிடாய் வலி போல இழுக்கும். இரண்டாவது, மூன்றாவது பிரசவத்தில் இன்னும் அதிகமாகத் தெரியும். சில நாட்களில் தானாகவே போய்விடும். இது பொறுத்துக்கொள்ளக்கூடிய வலி.

பால் கொடுக்க உட்கார்ந்ததும் தொண்டை வறண்டு தாகம் எடுப்பதும் இயல்புதான். "தண்ணி குடிச்சா பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்று சொல்லித் தண்ணீரைக் குறைப்பதில் அர்த்தம் இல்லை. தாகம் எடுத்தால் குடிக்கலாம். கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

6. குழந்தையோடு வெளியே போகும்போது

துணியில் கட்டி மார்போடு சேர்த்துச் சுமக்கும்போது மூன்றைப் பாருங்கள். குழந்தையின் முகம் உங்களுக்குத் தெரிய வேண்டும். தாடை நெஞ்சில் அழுந்தக்கூடாது, நடுவில் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். நீங்கள் தலையைக் குனிந்தால் அதன் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் இருக்க வேண்டும். சென்னை வெயிலில் கனமான துணி வேண்டாம். கழுத்து நிற்கும் வரை இடுப்பில் வைக்கவும் கூடாது. பைக்கில் பச்சைக் குழந்தையை மடியில் வைத்துப் போவதைத் தவிர்த்துவிடுங்கள்.

தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலில் காலை நெரிசலில் ஏறுவதைவிட, நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட முடிந்தால் உட்கார்ந்து போகலாம். பேருந்து நிலையம் என்றால், பாலூட்டும் அறை எங்கே என்று தயங்காமல் கேளுங்கள். தமிழ்நாடு முழுக்க பேருந்து நிலையங்களில் இந்த அறைகள் 2015 ஆகஸ்டில் திறக்கப்பட்டன. பூட்டியிருந்தால் திறக்கச் சொல்வது உங்கள் உரிமை.

சிசேரியன் ஆனவர்கள் முதல் ஆறு வாரம் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக்கூடாது. நம் ஏரியாவில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: அந்த 20 லிட்டர் வாட்டர் கேனில் கை வைக்காதீர்கள்.

7. வேலைக்குத் திரும்பும்போது

தாம்பரம் மெப்ஸ் வளாகம், ஓ.எம்.ஆர். அலுவலகங்கள் என்று வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு இன்னொரு பிரச்சினை. பல மணி நேரம் பால் எடுக்காமல் இருந்தால் கட்டிக்கொள்ளும்.

2017ல் வந்த சட்டத் திருத்தத்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வார மகப்பேறு விடுப்பு உண்டு. வேலைக்குத் திரும்பிய பிறகு, குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை தினமும் இரண்டு முறை பாலூட்டும் இடைவேளையும் உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். அங்கே போய்ப் பார்த்துவிட்டு வரவும் அனுமதி உண்டு. குழந்தை வீட்டில் இருந்தால், அந்த இடைவேளைகளில் பாலை எடுத்து சுத்தமான பாத்திரத்தில் போட்டு உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

எப்போது உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்?

* 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல்
* மார்பில் கட்டி ஒன்றிரண்டு நாளில் கரையாமல் இருப்பது, சீழ் வருவது
* சிசேரியன் தையலில் சிவப்பு, வீக்கம், கசிவு
* ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனையும் அளவுக்கு ரத்தப்போக்கு, துர்நாற்றம்
* ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத்திணறல், நெஞ்சு வலி
* கடுமையான தலைவலி, கண் மங்குவது
* இரண்டு வாரத்துக்கு மேலும் நீடிக்கும் அழுகை, எதிலும் பிடிப்பு இல்லாத மனநிலை
* பிறந்து ஐந்து நாளுக்குப் பிறகும் குழந்தை ஒரு நாளில் ஆறு முறைக்குக் குறைவாகச் சிறுநீர் கழிப்பது

பால் கொடுக்கும்போது மாத்திரையே போடக்கூடாது என்பதும் தவறு. பாராசிட்டமால் போன்ற பாதுகாப்பான வலி மாத்திரைகள் இருக்கின்றன. ஆனால் மெடிக்கலில் நேராகப் போய்க் கேட்டு வாங்காமல், பால் கொடுக்கிறேன் என்று டாக்டரிடம் சொல்லி வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் 104 சுகாதார உதவி எண்ணில் கேட்கலாம். அவசரம் என்றால் 108. தடுப்பூசிக்குப் போகும் நாளில், நர்ஸிடம் "குழந்தை சரியா பிடிக்குதான்னு ஒரு தடவை பாருங்க சிஸ்டர்" என்று கேட்டாலே பாதி வலிக்கு அங்கேயே வழி கிடைக்கும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

கணவர், மாமியார், அம்மா என்று யாராக இருந்தாலும் நீங்கள் செய்யக்கூடியது பெரிய விஷயம் இல்லை. பால் கொடுக்க உட்காரும்போது முதுகுக்கு ஒரு தலையணை, பக்கத்தில் தண்ணீர். குடித்து முடித்ததும் குழந்தையை வாங்கித் தோளில் போட்டு ஏப்பம் வரவைப்பது. அந்த இடைவெளியில் அவர் கையை நீட்டி மடக்கிக் கொஞ்சம் படுக்கட்டும்.

அடுத்த முறை பச்சைக் குழந்தையைப் பார்க்கப் போனால், "பாப்பா எப்படி இருக்கு?" என்று கேட்பதற்கு முன்னால், "உனக்கு எங்கயாவது வலிக்குதாம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.