தோற்ற மூத்தவளின் பெருந்தன்மை

பள்ளிப் போட்டி ஒன்றில் ஒரு மாணவி தேர்வாகிறாள். அவள் பக்கத்தில் நின்று, தேர்வாகாமல் போன மாணவி என்ன ஆகிறாள்? பள்ளியைக் களமாகக் கொண்ட தொலைக்காட்சித் தொடர்கள் பலவும் இந்தக் கேள்வியின் பக்கம் திரும்புவதில்லை. வென்றவளின் பின்னாலேயே கேமரா போய்விடும். 2015ஆம் ஆண்டு ஜப்பானில் ஒளியேறத் தொடங்கிய ‘ஹிபிகே! யூஃபோனியம்’ தொடர் சற்று நின்று, தோற்றவளையும் பார்த்தது. அவள் பெயர் நட்சுகி.

அயானோ தாகேதாவின் நாவலைத் தழுவி கியோட்டோ அனிமேஷன் நிறுவனம் உருவாக்கிய தொடர் இது. ஊஜி நகரிலுள்ள கித்தாவுஜி என்ற கற்பனைப் பள்ளியின் இசைக்குழுவைச் சுற்றியே கதை நகர்கிறது. கதாநாயகி குமிக்கோ முதலாம் ஆண்டு மாணவி. அவள் வாசிப்பது யூஃபோனியம். டூபாவைப் போன்ற தோற்றமுடைய, அதைவிடச் சிறிய பித்தளை ஊதுகருவி. அதே கருவியை வாசிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவிதான் நட்சுகி.

ஜப்பானின் தேசிய ஊதுகருவி இசைப் போட்டியில் உயர்நிலைப் பள்ளிகளின் முதன்மைப் பிரிவில் 55 பேர் வரைதான் மேடையேறலாம். குழு பெரிதாக இருந்தால் சிலர் கீழே நிற்க வேண்டியதுதான். கித்தாவுஜியில் அதுவரை மூத்தவர்களுக்கே முதலிடம். புதிதாக வந்த ஆசிரியர் தாகி அந்த வழக்கத்தை மாற்றுகிறார். ஒவ்வொருவரும் தனியாக வாசித்துக் காட்ட வேண்டும். நன்றாக வாசிப்பவருக்கே இடம். யூஃபோனியத்தில் மூன்றாம் ஆண்டு அசுகாவும் குமிக்கோவும் தேர்வாகிறார்கள். நட்சுகிக்கு இடமில்லை.

குமிக்கோ மகிழவில்லை, அஞ்சுகிறாள். நடுநிலைப் பள்ளியில் இதேபோல் ஒரு மூத்த மாணவியை முந்தியதால் அவளது கோபத்துக்கு ஆளான காயம் இன்னும் ஆறவில்லை. ஆனால் நட்சுகி அவளை பர்கர் கடைக்கு அழைத்துச் சென்று, பானம் வாங்கிக் கொடுத்து, உன்மேல் எனக்குக் கோபமில்லை என்பதைப் புரியவைக்கிறாள். சின்னக் காட்சிதான். அதற்குப் பிறகுதான் குமிக்கோ நிம்மதியாக மூச்சுவிடுகிறாள்.

இது நம்பும்படி இருப்பதற்குக் காரணம் நட்சுகியின் பழைய கதை. அவள் யூஃபோனியத்தைத் தொட்டதே உயர்நிலைப் பள்ளிக்கு வந்த பிறகுதான். முந்திய ஆண்டு குழுவில் யாரும் ஒழுங்காகப் பயிற்சி செய்யவில்லை. அக்கறையோடு வந்த புதிய மாணவர்கள் பலர் மூத்தவர்களோடு மோதி விலகினார்கள். நட்சுகி விலகவும் இல்லை, உழைக்கவும் இல்லை. தாமதமாகத்தான் அவளுக்கு ஆர்வம் பிறந்தது. தான் எங்கே பின்தங்கினாள் என்பது அவளுக்கே தெரியும்.

2016ஆம் ஆண்டின் இரண்டாம் பாகத்தில் அவளுக்கு ஒரு வாய்ப்பு எட்டிப் பார்க்கிறது. அசுகா குழுவிலிருந்து விலக வேண்டும் என்று அவளுடைய தாயார் பிடிவாதமாக நிற்கிறார். அசுகாவின் இடத்தில் வாசிக்க நட்சுகி தயாராகிறாள். ஆனாலும் அசுகாவை மீட்டுவரும்படி குமிக்கோவை அனுப்புவதில் முன்நிற்பவளும் அவளே. அசுகா திரும்பி வருகிறாள். தேசியப் போட்டியில் பள்ளி வெண்கல விருது பெறும்போது நட்சுகி மேடையில் இல்லை.

2019இல் வெளியான திரைப்படத்தில் நட்சுகி மூன்றாம் ஆண்டு மாணவி. குழுவின் துணைத் தலைவி. இப்போது நிலைமை தலைகீழாகிறது. கனாடே என்ற புதிய மாணவி, மூத்தவளுக்கு இடம் கிடைக்கட்டும் என்று தேர்வில் வேண்டுமென்றே மோசமாக வாசிக்கிறாள். நட்சுகி தேர்வின் நடுவிலேயே அதைத் தடுத்துவிடுகிறாள். இரக்கத்தால் வரும் இடம் அவளுக்கு வேண்டாம். கடைசியில் மூவருமே தேர்வாகிறார்கள். கன்சாய் வட்டாரப் போட்டியில் குழு தங்க விருது பெற்றும் தேசியச் சுற்றுக்குத் தகுதி பெறவில்லை. நட்சுகி தேசிய மேடையில் ஒருமுறைகூட வாசிக்காமலேயே பள்ளியை முடிக்கிறாள்.

திறமைக்கே இடம் என்பது நியாயமான விதி. ஆனால் அந்த விதி ஒரு குழுவை உடைத்துவிடவும் கூடும். பட்டியல் போடுவதோடு ஆசிரியரின் வேலை முடிந்துவிடுகிறது. மறுநாள் பயிற்சி அறைக்குள் நுழையும் இளையவள் தலைநிமிர்ந்து வாசிப்பாளா என்பது, தேர்வாகாத மூத்தவளின் ஒரு வார்த்தையில் இருக்கிறது. கதாநாயகியால் இதைச் செய்ய முடியாது; அவள் வென்றவள். அதனால்தான் இத்தகைய கதைக்குத் துணைப் பாத்திரம் தேவைப்படுகிறது.

2021இல் தாகேதா நட்சுகியையே மையமாக வைத்துத் தனி நாவல் ஒன்றை எழுதினார். பள்ளிக் குழுவில் இடம் கிடைக்காமல் முகம் வாடி வீடு திரும்பும் பிள்ளைகள் எங்கும் உண்டு. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்வதோடு நிறுத்திவிடாமல், அவர்களோடு அமர்ந்து நட்சுகியின் கதையையும் ஒருமுறை பார்க்கலாம்.