கோட்டைக்குள் சிக்கிய ராஜா!

வேலூர், ஆம்பூர் பக்கம் இருப்பவர்கள் வேலூர் கோட்டையைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கருங்கல் மதில், சுற்றிலும் அகழி. எதிரி உள்ளே நுழைவது கஷ்டம். உள்ளே இருப்பவர் தப்பிப்பதும் கஷ்டம்தானே? இலங்கையில் கண்டியை ஆண்ட கடைசி ராஜா ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கனை ஆங்கிலேயர்கள் 1815-ல் பிடித்தார்கள். மறு வருடம் இந்தக் கோட்டைக்குக் கொண்டுவந்து சிறை வைத்தார்கள். 1832-ல் இறக்கும்வரை அவர் ஊர் திரும்பவே இல்லை.

செஸ் பலகையிலும் இப்படி நடக்கும். ராஜாவுக்குப் பாதுகாப்பு என்று முன்னால் மூன்று சிப்பாய்களை நிறுத்துகிறோம். எதிராளியின் யானை கடைசி வரிசையில் புகுந்து 'செக்' சொன்னால், அந்தச் சிப்பாய்களே ராஜாவின் வழியை மறிப்பார்கள்! ராஜா நகர முடியாது, செக் வைத்த காயை வெட்ட முடியாது, நடுவில் வேறு காயை வைத்து மறைக்கவும் முடியாது என்றால் அதுதான் செக்மேட். மூன்றில் ஒன்று முடிந்தாலும் ஆட்டம் தொடரும்.

இப்படிப்பட்ட புதிர்கள் என்றால் விஸ்வநாதன் ஆனந்துக்கு சிறு வயதிலேயே உயிர். அவர் குடும்பம் சில காலம் பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலாவில் இருந்தது. அங்கே டி.வி.யில் செஸ் புதிர் போடுவார்கள். ஆனந்த் பள்ளியில் இருக்கும்போது அம்மா சுசீலா அதை எழுதி வைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். பரிசு, ஒரு புத்தகம். அடிக்கடி ஜெயித்ததால், "வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள், இனி விடை அனுப்பாதே" என்கிற அளவுக்குப் போய்விட்டதாம்! பின்னாளில் அவர் ஐந்து முறை உலக சாம்பியன்.

நீங்களும் பலகையை எடுங்கள். வெள்ளை: ராஜா ஜி1, ராணி டி2, யானை டி1, சிப்பாய்கள் எஃப்2, ஜி2, எச்2. கறுப்பு: ராஜா ஜி8, யானைகள் ஏ8, டி8, சிப்பாய்கள் எஃப்7, ஜி7, எச்7. வெள்ளை ஆட வேண்டும். இரண்டே நகர்த்தலில் செக்மேட்! 'ஐயோ, ராணி போய்விடுமே' என்று பயந்தால் விடை கிடைக்காது. காய்களைத் தொடாமல் ஐந்து நிமிடம் யோசியுங்கள். அப்புறம் கீழே பாருங்கள்.

விடை: ராணி டி8 யானையை வெட்டி செக். கறுப்புக்கு ஒரே வழி, ஏ8 யானையால் ராணியை வெட்டுவது. உடனே வெள்ளை யானை டி8-ல் வெட்டினால் செக்மேட்!

சரி, கறுப்பின் எச்7 சிப்பாய் முன்பே எச்6-க்கு நகர்ந்திருந்தால் என்ன ஆகும்? ஆடிப் பாருங்களேன்!