அண்ணன் சமைத்த தாரா

வீடுகளைத் தரிசிக்கப் போகும்போது நான் முதலில் பார்ப்பது அடுப்படியைத்தான். எங்களுடைய படிவத்தில் அதற்கென்று ஒரு கேள்வியும் இல்லை. மாத வருமானம் எவ்வளவு, தங்கி வாழ்வோர் எத்தனை பேர் என்றுதான் கேட்டிருக்கும். ஆனால் மத்தியானம் கடந்த பிறகு மூடி வைத்திருக்கும் சட்டியைத் திறந்தால் படிவம் சொல்லாத பல விடயங்கள் தெரியவரும். பிள்ளைகளுக்கு மீன் பொரியலும் சொதியும் இருக்கும். தாய்க்கு அடிச்சட்டிச் சோறும் சம்பலும். கேட்டால், "எனக்கென்ன மிஸ், ஒருத்திக்கு என்னத்தைச் சமைக்கிறது" என்று பதில் வரும். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களில் இந்தப் பதிலை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

இங்கே நான் எழுதப்போகும் அக்காவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கிளிநொச்சி மாவட்டத்தில் குளத்தோடு ஒட்டிய ஒரு கிராமம். 2009 இல் முள்ளிவாய்க்கால் வரை போய், செட்டிகுளம் முகாமில் இருந்து, 2010 இல் மீளக்குடியேறியவர். கணவர் 2009 மே மாதத்தில் காணாமற்போனவர். பிள்ளைகள் இரண்டு. வாழ்வாதார உதவியாக அவருக்குக் கிடைத்தது ஒரு காளான் கொட்டிலும் பத்துத் தாராக் குஞ்சுகளும்.

காளான் செய்கை இலேசான தொழில் என்று சொல்லித்தான் பயிற்சி கொடுத்தார்கள். அப்படியல்ல. மரத்தூளும் தவிடும் கலந்து பொலித்தீன் பைகளில் அடைத்து, நீராவியில் நன்றாக அவித்து, ஆறிய பிறகு விதை போட வேண்டும். அவியல் போதாவிட்டால் பைக்குள் பச்சைப் பூஞ்சணம் பிடித்துவிடும். அவருடைய முதல் தொகுதியில் பாதிக்கு மேல் அப்படித்தான் போனது. வன்னி வெயிலில் கொட்டிலை ஈரமாக வைத்திருக்க ஒரு நாளில் பல தடவை தண்ணீர் தெளிக்க வேண்டும். பறித்த சிப்பிக் காளானை குளிரூட்டி இல்லாத வீட்டில் அடுத்த நாள் வரை வைத்திருக்க முடியாது. விற்காமல் மிஞ்சியதை அயலுக்குக் கொடுத்துவிடுவார். தன் வீட்டில் சமைத்ததில்லை. தாராவும் அப்படியே. முட்டை கடைக்குப் போகும், இறைச்சி யாராவது கேட்டு வந்தால் போகும்.

2018 ஆம் ஆண்டில் அவருடைய தமையன் பாரிசிலிருந்து விடுமுறைக்கு வந்தார். பத்தொன்பது வயதில் நாட்டை விட்டுப் போனவர். ஊரில் இருந்தபோது தேத்தண்ணீர்கூட ஊற்றிக் குடிக்கத் தெரியாதவராம். பாரிசில் பல எமது ஆண்களைப் போலவே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு மரக்கறி வெட்டி, கடைசியில் அடுப்புக்கு முன்னால் நின்றவர். நல்லூர்த் திருவிழா முடியும்வரை அந்த வீட்டில் மச்சம் இல்லை. தீர்த்தம் முடிந்த அடுத்த கிழமை, "இண்டைக்கு நான் சமைக்கிறன், நீ அடுப்படிக்கு வராதை" என்று தங்கைக்குச் சொல்லிவிட்டு வளவில் தாராக்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அன்றைக்குத்தான் நானும் கள வேலையாக அங்கே போயிருந்தேன்.

அவர் சமைக்க நினைத்தது பிரான்சு நாட்டுச் சாப்பாடு: தாராவின் நெஞ்சிறைச்சியும் அதற்குமேல் காளான் பாற்குழம்பும். தென்மேற்குப் பிரான்சில் காஸ்கோன் என்ற பகுதியில் தாராவையும் வாத்தையும் ஈரலுக்காகக் கொழுக்க வளர்ப்பார்கள். இறைச்சியை அதன் கொழுப்பிலேயே மெதுவாக வேகவைத்துச் சாடிகளில் போட்டு வைப்பது பழைய வழக்கம். நெஞ்சுத் துண்டை மட்டும் தனியே எடுத்து மாட்டிறைச்சியைப் போல வாட்டிப் பரிமாறலாம் என்று பிரபலப்படுத்தியவர் ஓஷ் நகரத்துச் சமையற்காரர் அந்திரே டகன். அது 1959 அளவில். இதையெல்லாம் தமையன் இறகு பிடுங்கியபடியே சொன்னார். அக்கா கொடுப்புக்குள் சிரித்தபடி வாசற்படியில் இருந்தார்.

எங்கள் தாரா அந்தத் தாரா அல்ல. வயலில் மேய்ந்து திரிவது. நெஞ்சுச் சதை மெல்லியது, கொழுப்பும் குறைவு, முற்றினால் நார் நாராக இருக்கும். அதனால் அவர் இளம் சேவல் ஒன்றைத்தான் பிடித்தார். முட்டைக்காக வளர்ப்பவர்களுக்கு ஐந்தாறு பேடுகளுக்கு ஒரு சேவல் போதும், மிச்சச் சேவல்கள் தீனுக்குத்தான் செலவு. ஆகவே நட்டமும் இல்லை.

செய்முறையை விளக்கமாகவே எழுதுகிறேன். நெஞ்செலும்பின் இரண்டு பக்கமும் கத்தியை எலும்போடு ஒட்டி இறக்கினால் தோலுடன் இரண்டு துண்டுகள் வரும். காலும் மிச்சமும் கறிக்கு. தோலில் மட்டும் குறுக்கும் நெடுக்குமாகக் கீற வேண்டும், சதையில் கத்தி படக்கூடாது. ஈரத்தைத் துடைத்து உப்புத் தடவ வேண்டும். அடுத்ததுதான் எனக்குப் புதினமாக இருந்தது. தாச்சியைச் சூடாக்காமல், எண்ணெயும் விடாமல், குளிர்ந்த தாச்சியில் தோற்பக்கம் கீழே இருக்க வைத்து, பிறகுதான் அடுப்பை மூட்டினார். மெல்லிய நெருப்பில் பத்து நிமிடமளவில் தோலுக்குள் இருக்கும் கொழுப்பு உருகி வெளியே வந்துவிடும், தோல் மொறுமொறுப்பாகும். சூடான தாச்சியில் போட்டால் தோல் கருகும், கொழுப்பு உள்ளேயே நிற்கும். உருகிய கொழுப்பைக் கிண்ணத்தில் வடித்து வைத்துக்கொண்டு மறுபக்கம் திருப்ப வேண்டும்.

பிரான்சில் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும்போதே இறக்கிவிடுவார்களாம். தங்கையின் முகம் போன போக்கைப் பார்த்து அவர் அந்த எண்ணத்தைக் கைவிட்டார். எங்கள் வீட்டுக் கோழி, தாரா எதையும் அப்படிச் சாப்பிடாமல் விடுவதே நல்லது. கிருமி சாக உள்ளே 74 பாகை செல்சியஸ் சூடு ஏற வேண்டும். சூடு பார்க்கும் கருவி இல்லாதவர்கள், தடித்த இடத்தில் குத்தினால் வடியும் சாறு சிவப்பில்லாமல் தெளிவாக வரும்வரை மூடி வேகவிடுங்கள். இறக்கியதும் வெட்டக்கூடாது. ஐந்து நிமிடம் ஆறவிட்டு வெட்டினால் சாறு பலகையில் ஓடாது.

காளான் குழம்புக்கு கால் கிலோ சிப்பிக் காளான், ஆறு சின்ன வெங்காயம், இரண்டு பல்லு உள்ளி. காளானைக் கழுவி ஊறவிடாமல் துணியால் துடைத்துக் கையால் கிழித்துக்கொள்ள வேண்டும். வடித்த தாராக் கொழுப்பில் இரண்டு கரண்டி விட்டு, காளானை நெருக்கமில்லாமல் பரப்பி வதக்கினால் தண்ணீர் வற்றிப் பொன்னிறமாகும். உப்பை முதலே போட்டால் தண்ணீர் விட்டு அவிந்துதான் போகும். பிறகு வெங்காயமும் உள்ளியும்.

பாலாடைக் கிறீம் வாங்கத்தான் அவர் காலையிலேயே டவுனுக்குப் போய், இனிப்பு ரின்பாலோடு திரும்பி வந்திருந்தார். "தேங்காய் இருக்கேக்கை ஏன் அண்ணை அலையிறியள்?" என்று கேட்டுவிட்டு அக்கா எழும்பி அரைத் தேங்காயைத் துருவி முதற்பால் பிழிந்து கொடுத்தார். கொதிக்கவிட்டால் முதற்பால் திரைந்துவிடும் என்று அவருக்குத்தான் தெரியும். நெருப்பை இழுத்துவிட்டு, பாலை விட்டு, ஓரத்தில் குமிழ் வந்ததும் இறக்கி, மிளகுதூளும் சில துளி தேசிக்காய்ப் புளியும் சேர்த்தார்கள். தமையன் தைம் என்ற ஒரு இலையைத் தேடினார். அதே மணமுள்ள கற்பூரவள்ளி கிணற்றடியில் நின்றது. இரண்டு இலை போதும், கூடினால் மருந்து மணக்கும்.

காட்டில் முளைக்கும் நாய்க்குடைகளை, தெரிந்தவர்கள் சொன்னாலும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம். நஞ்சுள்ளவையும் அதேபோலத்தான் இருக்கும், சமைத்தாலும் நஞ்சு போகாது.

சோறு பரிமாறும் நேரம் வந்தது. தமையன் முதற்கோப்பையில் நெஞ்சிறைச்சியின் நடுத்துண்டுகளை வைத்து, குழம்பை விட்டு, தங்கையிடம் நீட்டினார். அவர் அதை வாங்கி அப்படியே மகனிடம் கொடுத்தார். "அது உனக்கு. பிள்ளையளுக்கு இருக்கு" என்று தமையன் கோப்பையைத் திருப்பி வாங்கி அவர் கையில் வைத்தார். அவர் என்னைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். எல்லோருக்கும் முன்னால் சாப்பிட அவருக்கு வரவில்லை. எழும்பி அடுப்படிக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு மகள் உள்ளே போய்ப் பக்கத்தில் இருந்தாள். இருவரும் உள்ளேயே சாப்பிட்டார்கள். அழுதாரா என்று நான் கேட்கவில்லை. அது கேட்கிற கேள்வியுமல்ல.

தாரா இறைச்சி கோழியின் நெஞ்சிறைச்சியைவிடச் சிவந்தது, இரும்புச் சத்தும் கூடியது. எங்கள் பெண்களில் களைப்பு, தலைச்சுற்று என்று வருபவர்களுக்கு நாங்கள் இரும்புக் குளிசை எடுத்துக் கொடுக்கிறோம். சட்டியில் யாருக்கு என்ன போகிறது என்று கேட்பதில்லை. காளான் நல்ல உணவுதான், ஆனால் இறைச்சிக்கு ஈடு என்று சிலர் சொல்வது மிகை. இரண்டும் அந்த வளவிலேயே இருந்தன. அவர் சாப்பிடவில்லை என்பதுதான் குறை.

தமையன் திரும்பிப் போய் மூன்று மாதத்தின் பின், மாதர் சங்கக் கூட்டமொன்று முடிந்து அந்த வீட்டுக்குப் போனேன். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்து சாப்பிட்டிருந்தார்கள். வழக்கம்போல மூடியைத் திறந்தேன். காளான் பாற்குழம்பும், ஒரு கோப்பையால் மூடிய இரண்டு துண்டு இறைச்சியும் இருந்தன.

"அது எனக்கு வைச்சது மிஸ்" என்றார் அக்கா, கையைத் துடைத்துக்கொண்டு வந்தபடி. "குழம்பு வேணுமெண்டால் தாறன்."