பட்டியல் ஏன் பிடிக்கிறது?

நான்கைந்து பொருள் வாங்குவதென்றால் மனத்தில் வைத்துக்கொண்டே கடைக்குப் போய்விடலாம். பன்னிரண்டு என்றால் தாள் வேண்டும். ஒரே நேரத்தில் மனம் பிடித்துவைக்கக்கூடியவை ஏறத்தாழ ஏழு என்று அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். மற்றோர் உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் அதையும் குறைத்து ஏறத்தாழ நான்கு என்றார். பட்டியல்மேல் நமக்குள்ள பிரியம் இங்கேதான் தொடங்குகிறது. மனத்துக்கு மிஞ்சியதைத் தாள் வாங்கிக்கொள்கிறது.

வகை பிரிப்பதும் நமக்கு இயல்பாகவே வருகிறது. டபிள்யூ. ஏ. பூஸ்ஃபீல்ட் என்ற உளவியலாளர், விலங்குகள், ஆட்பெயர்கள், தொழில்கள், காய்கறிகள் ஆகியவற்றிலிருந்து 60 சொற்களை எடுத்துக் கலைத்துப் படித்துக்காட்டினார். கேட்டவர்கள் அவற்றை நினைவிலிருந்து எழுதியபோது, யாரும் சொல்லாமலே விலங்குகளை ஓரிடத்திலும் காய்கறிகளை ஓரிடத்திலும் சேர்த்து எழுதினார்கள். 1953இல் வெளியான ஆய்வு இது. மனம் தானாகவே செய்ய நினைக்கும் வேலையை ஒருவர் முன்கூட்டியே செய்து கொடுத்தால் பிடிக்காமல் போகுமா?

செய்ய வேண்டிய வேலைகளை எழுதிவைத்ததும் வரும் நிம்மதிக்கு இன்னொரு காரணம் உண்டு. முடிக்காத வேலை மனத்தை அரித்துக்கொண்டே இருக்கும். உளவியலாளர்கள் மாசிகாம்போ, பௌமைஸ்டர் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், முடியாத வேலையின் நினைப்பு வாசிப்பில்கூடக் குறுக்கிட்டது. அந்த வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டம் எழுதியவர்களுக்கோ அந்தத் தொந்தரவு அடங்கியது. இத்தனைக்கும் வேலை இன்னும் முடியவில்லை. ஆகவே பட்டியலில் 'வீட்டுவரி' என்று மட்டும் எழுதுவதைவிட 'செவ்வாய் காலை வீட்டுவரி கட்டுவது' என்று எழுதுவதே பலன் தரும்.

வாசிக்கும்போது பட்டியல் தரும் வசதி, எல்லை முன்பே தெரிவது. 'ஐந்து காரணங்கள்' என்றால் எங்கே முடியும் என்று தெரிந்தே நுழைகிறோம். இதை நம் புலவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். பதினெண்கீழ்க்கணக்கில் திரிகடுகம் பாட்டுக்கு மூன்று கருத்துகளைச் சொல்கிறது. நான்மணிக்கடிகை நான்கு, சிறுபஞ்சமூலம் ஐந்து, ஏலாதி ஆறு. மனப்பாடம் செய்து படிக்கப்பட்டுவந்த நூல்கள் இவை. இந்த எண்கள் எல்லாமே மில்லர் சொன்ன ஏழுக்குள்ளேயே நிற்பது எனக்குப் பெரும் வியப்பு.

ஆனால் குறிஞ்சிப்பாட்டில் கபிலர் இந்த அளவையெல்லாம் தாண்டிப் போகிறார். தலைவியும் தோழியும் பறித்துப் பாறையில் குவித்த பூக்களென்று 99 பூக்களின் பெயரை அடுக்குகிறார். இதை யாரும் நினைவுக்காகவோ வசதிக்காகவோ படிப்பதில்லை. பெயர்களின் ஓசையும், ஒரு மலை இத்தனை பூக்குமா என்ற திகைப்பும்தான் நம்மை இழுத்துப் போகின்றன. சின்னப் பட்டியல் உலகை அடக்கிக் காட்டுகிறது. பெரிய பட்டியல் உலகம் அடங்காதது என்று காட்டுகிறது. இரண்டுமே இன்பம்தான். எனக்கு இரண்டாவதுதான் ஒரு படி மேல்.

பட்டியலால் முடியாத காரியமும் ஒன்று உண்டு. அது பொருள்களை அடுத்தடுத்து வைக்குமே தவிர, ஒன்றால் மற்றொன்று எப்படி விளைந்தது என்று சொல்லாது. 'ஆகையால்', 'இருந்தாலும்' என்ற சொற்களுக்கு அதில் இடமில்லை. ஓர் ஏரி வற்றியதற்கு ஆக்கிரமிப்பு, வரத்துக் கால்வாய் அடைப்பு, மழைக்குறைவு என்று மூன்று காரணங்களை எழுதிவிடலாம். ஆக்கிரமிப்பால்தான் கால்வாய் அடைபட்டது என்பதையும், அதனால்தான் பெய்த மழைகூட ஏரிக்கு வந்து சேரவில்லை என்பதையும் வாக்கியங்களால்தான் சொல்ல முடியும்.

இனி 'ஐந்து காரணங்கள்' என்று எதையாவது படித்தால், இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் என்ன உறவு என்று கேட்டுப் பாருங்கள். பதில் அங்கே இல்லையென்றால், அந்த விஷயத்தை விளக்கும் கட்டுரை ஒன்றையும் தேடிப் படியுங்கள்.