வளர்ந்தோரும் கொப்பளிப்பான் தடுப்பூசியும்

கொப்பளிப்பான் குழந்தைகளுக்குரிய நோய் என்பது பொதுவான எண்ணம். குளிர்நாடுகளைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மையே. ஈழம் போன்ற வெப்பநாடுகளிலோ நிலைமை வேறு. கொழும்பு மாவட்டத்து மக்களின் குருதியைச் சோதித்த ஆய்வாளர், வளர்ந்தோருள்ளும் பலர் இந்நோய்க்கு எதிர்ப்பாற்றல் பெறாதிருத்தலையும், நகரத்தாரினும் நாட்டுப்புறத்தாரிடையே அத்தகையோர் மிகுந்திருத்தலையும் கண்டனர்.

மாத்தளை மாவட்டத்து வஹகோட்டை போன்றதோர் ஊரிற் பிறந்தவர் இளமையில் இந்நோய்க்குத் தப்பிவிடல் கூடும். பின்னர், அங்குள்ள புனித அந்தோனியார் ஆலயத் திருவிழாவுக்குத் திரளும் கூட்டத்திலோ, கல்வியோ தொழிலோ கருதிச் சென்ற நகர விடுதியிலோ அது அவரைத் தொற்றலாம். வளர்ந்தோரிடத்து இந்நோய் கடுமையானது. நுரையீரல் அழற்சியும் உயிரிழப்பும் குழந்தைகளினும் அவர்களிடையே மிகுதி. கருவுற்ற மகளிர்க்கும் சிசுவுக்கும் இதனால் இடர் நேர்தல் உண்டு.

இதற்குரிய தடுப்பூசியை யப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தக்காகாசி 1974ஆம் ஆண்டளவில் ஆக்கினார். உயிருள்ள வைரசை ஆய்வுகூடத்தில் உயிரணுக்களிற் பன்முறை வளர்த்து, அதன் வலிமையைக் குறைத்துச் செய்யப்படுவது இது. ஐக்கிய அமெரிக்காவில் 1995இல் இதற்கு அனுமதி கிடைத்தது.

நலமுள்ள வளர்ந்தோர்க்கு இதன் பயன் எவ்வளவு? முதல் ஊசியின் பின் நூற்றுவருள் ஏறத்தாழ 78 பேரிடத்தே போதிய எதிர்ப்பொருள் தோன்றுகின்றது. நான்கு முதல் எட்டு வாரம் கழித்து இரண்டாம் ஊசியும் இட்டால் அத்தொகை 99 ஆகின்றது. எனினும், குருதியில் எதிர்ப்பொருள் தோன்றுதல் வேறு. நோய் அணுகாமை வேறு. இரண்டு ஊசி பெற்ற வளர்ந்தோரிடத்தும் நோயைத் தடுக்கும் ஆற்றல் நூற்றுக்கு 75 அளவினதே. ஆயினும், ஊசி பெற்றபின் நோய் கண்டாரிடத்துக் கொப்புளங்கள் பெரும்பாலும் ஐம்பதுக்குட்பட்டே எழும், காய்ச்சலும் குறையும். ஊசி பெறாதாரிடத்தோ கொப்புளங்கள் சில நூறாகும். ஆகவே, நோயை முற்றாகத் தடுப்பதினும் அதன் கொடுமையைத் தணிப்பதே இவ்வூசியின் தலையாய பயன் எனலாம்.

முன்னர் இந்நோய் கண்டவர்க்கு இவ்வூசி வேண்டுவதில்லை. ஐயமுள்ளோர் குருதிச் சோதனையால் உண்மையறியலாம். கருவுற்றோர்க்கும் எதிர்ப்பாற்றல் பெரிதும் குன்றியோர்க்கும் இதனை இடலாகாது. ஊசி பெற்ற மகளிர் ஒரு மாதமேனும் கருத்தரியாதிருத்தல் வேண்டும். நோயாளியோடு பழக நேர்ந்தவரும் ஐந்து நாட்களுக்குள் ஊசி பெறின் பயனடையலாம்.

இலங்கை அரசினரின் இலவசத் தடுப்பூசி வரிசையில் இது இடம்பெறாமையின் பணம் கொடுத்தே பெறல்வேண்டும். செலவஞ்சி ஒன்றோடு நிறுத்துவோர் பாதிக் காவலையே பெறுகின்றனர். இளமையில் தப்பினோம் என மகிழ்ந்திருப்போரே இரண்டு ஊசியையும் முறையாகப் பெறவேண்டியவராவர்.