சிவப்புச் சின்னப் பால்: கூடுதல் விலை எங்கே போகிறது?

டென்மார்க்கில் வாழும் நாம் தேநீருக்கும் தயிருக்கும் பால் வாங்காத வாரமில்லை. கடையில் இரண்டு பெட்டிகள் அருகருகே இருக்கும். ஒன்றில் குறுக்குக் கோடிட்ட 'ஓ' எழுத்துச் சிவப்புச் சின்னம், விலையும் கூட. "பண்ணைக்காரர் நல்லாய் உழைக்கிறார்" என்று எம்மவர் சொல்வதுண்டு. உண்மை அதுதானா?

இயற்கைப் பண்ணையில் இரசாயனப் பசளையும் பூச்சி மருந்தும் கிடையாது. தீவனமும் அப்படியே விளைந்ததாக இருக்கவேண்டும்; அதன் விலை அதிகம். கோடையில் பசுக்கள் புல்வெளியில் மேயவேண்டும். மருந்து கொடுத்த பசுவின் பாலை வழமையைவிட இரு மடங்கு நாட்கள் விற்கமுடியாது. பாலும் பொதுவாகக் குறைவு.

ஒரு கணக்குப் பார்ப்போம். வருடம் 10 இலட்சம் லீற்றர் கறந்த பண்ணையில் பால் பத்திலொன்று குறைந்தால் மிஞ்சுவது 9 இலட்சம். பழைய வருமானம் வரவே லீற்றருக்கு 11 வீதம் கூடுதல் விலை வேண்டும். தீவனச் செலவு அதற்கு மேல்.

இதைவிடக் கடினமானது மாறும் காலம். நிலம் மாற 2 வருடங்கள் செல்லும். செலவு புதிய முறைப்படி, பாலுக்கு விலையோ பழையபடி. கடன் உள்ளவருக்கு இது பெரிய சோதனை. அதனால்தான் 1987இல் வந்த டென்மார்க்கின் இயற்கை வேளாண்மைச் சட்டம் மாறுவோருக்கு மானியம் வழங்கியது.

மாறிய பின்னும் நிச்சயமில்லை. 1993இல் ஒரு பெரிய கடைத்தொடர் விலையைக் குறைத்ததும் இயற்கைப் பாலுக்குத் தட்டுப்பாடே வந்தது. 2022இல் விலைவாசி ஏறியபோது மக்கள் அதை வாங்குவதைக் குறைத்தார்கள். விற்பனை குறைந்தால் மேலதிகப் பால் சாதாரணப் பாலாகவே போகும். அதே 2022இல் இரசாயனப் பசளையின் விலை ஏறியது. அந்தச் சுமை சாதாரணப் பண்ணைக்காரரைத்தான் அதிகம் தாக்கியது. இருவருக்கும் நட்டப் பயம் உண்டு.

ஆகவே கூடுதல் விலையில் பெரும்பகுதி தீவனத்துக்கும் நிலத்துக்கும் குறைந்த பாலுக்குமே போகிறது. அதற்காகச் சாதாரணப் பால் நஞ்சு அல்ல. அதுவும் மருந்து எச்சம் உண்டா என்று பரிசோதித்து, சூடாக்கிக் கிருமி நீக்கியே கடைக்கு வருகிறது. பிள்ளைகள் அதிகமுள்ள வீட்டில் மலிவான பெட்டியை எடுக்கும் தாய் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை. வசதியுள்ளோர் சிவப்புச் சின்னத்தை எடுத்தால், அந்தப் பணம் எதற்கு என்று தெரிந்தே கொடுப்போம்.