நெல்லும் உப்பும்: வேதாரண்யம் வட்டாரத்தை முன்வைத்துத் தமிழில் செல்வம் என்னும் கருத்து

திறவுச்சொற்கள்: செல்வம், பொலி, உப்பளம், பண்டமாற்று, சம்பளம், நெய்தல்

முன்னுரை

ஒரு சமூகம் எதனைச் செல்வமாகக் கருதியது என்பதற்கு அதன் சொற்களும் வழக்காறுகளும் சான்றாகின்றன. காஸ்பியன் கடலின் வடமேற்கே புல்வெளியில் வாழும் கல்மிக்கியரின் மரபில் கால்நடையே செல்வத்தின் அளவுகோல். தமிழிலும் ‘மாடு’ என்னும் சொல் செல்வத்தைக் குறித்தது. திருக்குறளின் 400ஆம் பாடல் அச்சொல்லை அப்பொருளில் ஆள்கிறது. காவிரிப் படுகையின் செல்வம் என்றதும் நெல்லே நினைவிற்கு வருகிறது. பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த வேதாரண்யமோ, வயல் முடிந்து உப்பளம் தொடங்கும் நிலம். அங்கிருந்து நோக்கினால் செல்வம் பற்றிய இருவேறு கருத்துகள் அருகருகே நிலவுவதைக் காணலாம். அவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

களமும் பொலியும்

கதிரடித்துத் தூற்றிக் களத்தில் குவித்த நெல் ‘பொலி’ எனப்படும். பொலிதல் என்பதற்குப் பெருகுதல், செழித்தல் என்பன பொருள். நெல்லை மரக்காலால் அளப்போர் முதல் அளவை ‘ஒன்று’ எனச் சொல்லாமல் ‘லாபம்’ என எண்ணத் தொடங்குவது வழக்கம். எண்ணிக்கையின் முதற்சொல்லே பெருக்கத்தைச் சுட்ட வேண்டும் என்னும் விருப்பம் இதிற் புலனாகிறது. சோழர் கல்வெட்டுகளில் வட்டியைக் குறிக்கும் ‘பொலிசை’ என்னும் சொல்லும் இப்பொருட்புலத்தைச் சார்ந்ததே. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு காசுக்கு ஆண்டு வட்டி அரைக்கால் காசு, அதாவது 12.5 விழுக்காடு எனக் குறிக்கப்படுகிறது. களத்து நெல்லும் கடன்கொடுத்த காசும் ஒரே வகையில் ‘பொலிகின்றன’. ஆகவே மருத நிலத்தில் செல்வத்தின் இயல்பு பெருக்கம் எனலாம்.

அளமும் மழையும்

உப்பையும் ‘விளைவதாகவே’ தமிழர் சொல்வர்; உப்பளத்திற்கும் ‘பாத்தி’ உண்டு. நற்றிணை உப்பு விளைப்போரை உழவர் என்றே சுட்டி, உழாதவர் என வேறுபடுத்துகிறது. எனினும் உப்புக்கு விதை இல்லை. ஓராண்டின் விளைவு மறு ஆண்டின் விளைவுக்கு முதலாவதில்லை. வெயிலில் விளைந்தது மழையில் கரையும். “உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது, மாவு விற்கப் போனால் காற்றடிக்கிறது” என்னும் பழமொழி இந்நிலையாமையைக் காட்டுகிறது. வடகிழக்குப் பருவமழை சம்பாப் பயிரை வளர்க்கும். அதே மழை உப்பளப் பணியை நிறுத்தும். ஒரே வட்டாரத்தில் ஒரே மழை ஒருவருக்கு ஆக்கம், மற்றவருக்கு இழப்பு.

பண்டமாற்றும் ‘சம்பளமும்’

இவ்விரு செல்வங்களும் ஒன்றையொன்று வேண்டி நின்றன. அகநானூற்றின் 140, 390ஆம் பாடல்களில் உப்பும் நெல்லும் சம அளவில் மாற்றப்படுகின்றன. பட்டினப்பாலையில் உப்பை விற்று நெல் ஏற்றிவந்த படகுகள் காட்டப்படுகின்றன. இவற்றைத் துணையாகக் கொண்டு, சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாகத் தரப்பட்டதால் ‘சம்பளம்’ என்னும் சொல் பிறந்தது எனப் பலர் விளக்குவர். மேற்கண்ட பாடல்கள் பண்டமாற்றுக்கே சான்றாகின்றன. இரண்டும் சேர்ந்து கூலியானதை அவை கூறவில்லை. வழியுணவைக் குறிக்கும் ‘சம்பல’ என்னும் வடசொல்லும் கருதத்தக்கது. எனவே அவ்விளக்கத்தை மக்கள் வழக்குச் சொற்பிறப்பாகக் கொள்வதே பொருந்தும். அந்நிலையிலும் அதற்கு மதிப்புண்டு: உழைப்பின் பயன் நெல்லும் உப்பும் என்று மக்கள் எண்ணியதை அது பதிவுசெய்கிறது.

முடிவுரை

1930 ஏப்ரல் 13இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து இராஜாஜி தலைமையில் புறப்பட்ட தொண்டர்கள் ஏப்ரல் 30இல் வேதாரண்யத்தில் உப்பெடுத்தனர். உப்பு யாருடைய செல்வம் என்னும் வினா அன்று அரசியலானது. ஆய்வுலகில் அதற்கு இணையான வினா ஒன்று உண்டு. மழையைச் செல்வத்தின் ஊற்றாக மட்டும் கொள்ளும் விளக்கம் மருதத்தின் பார்வை; அதனைத் தமிழர் அனைவரின் பார்வையாகப் பொதுமைப்படுத்தினால் நெய்தலின் அனுபவம் மறைந்துவிடும். களத்துச் சொற்களோடு அளத்துச் சொற்களும் தொகுக்கப்படும்போதே தமிழரின் செல்வக் கருத்து முழுமையாகத் துலங்கும்.